எழுந்து வெளியே போன மேலப்பாளையத்துச் சாயபு

நம் கம்பெனி ஆபீஸில், டைரக்டர்கள் உட்காரும் மேஜைக்கு நேர் எதிரே ஒரு படம் மாட்டியிருக்கிறது. இந்த ஆடி மாசம் புதிதாக வந்து சேர்ந்த மூன்று டைரக்டர்களும் அதைப் பார்த்துவிட்டு, "யார் இது? சேர்மன் அண்ணாச்சி படத்தை அல்லவா மாட்டியிருக்க வேண்டும்?" என்று காரியதரிசியிடம் கேட்டார்களாம். கேட்டவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆறு மாசமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மனசுக்குள்.

அவர்களுக்குப் பதில் சொல்லாமல் காரியதரிசி என் கடைக்கு வந்தார். "புதுசா வந்தவங்களுக்கு நம்ம வழக்கம் ஒண்ணும் தெரியல அண்ணாச்சி. சாயபுவைப் பத்தி நாலு பக்கம் எழுதித் தாங்க. அச்சடிச்சுக் குடுத்துருவோம்" என்றார். என்னைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தால் நாற்பது பக்கம் எழுதியிருப்பேன். சாயபுவைப் பற்றி என்றதால் இந்த நாலு பக்கத்துக்கே இருபது நாளாயிற்று. எழுத்துப் பிழை இருந்தால் அச்சாபீஸ்காரர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

படத்தில் இருப்பவர் மேலப்பாளையம் ஹபீப் முகம்மது. ஐந்து ஷேர் வைத்திருந்தவர். நான் அறுபது ஷேர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் அவர் கதை விளங்கும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மணலில் விரல் வைத்து எழுதியதோடு சரி. பன்னிரண்டு வயதில் உடன்குடியிலிருந்து கருப்பட்டிச் சிப்பம் ஏற்றிய மாட்டுவண்டிக்குப் பின்னால் நடந்து திருநெல்வேலிக்கு வந்தேன். வண்டியில் ஏறி உட்கார இடம் கிடையாது, சரக்குதான் உட்காரும். முப்பது வயதில் பாலம் ஸ்டேஷன் பக்கத்தில் சொந்தக் கடை. நாற்பதில் மூன்று கடை. கருப்பட்டியை மோந்து பார்த்தே எந்த ஊர்ப் பனை என்று சொல்லுவேன். இன்றைக்கும் ஜில்லாவில் அப்படிச் சொல்லக்கூடிய ஆள் இரண்டு பேர். இன்னொருத்தருக்குக் கண் தெரியாது.

இந்த அரிசி ஆலைக் கம்பெனி தொள்ளாயிரத்து எட்டில் ஆரம்பமாயிற்று. நீராவி யந்திரத்தில் நெல் குத்தலாம், அதற்கு ஒருத்தர் முதல் போதாது, நூறு பேர் ஷேர் போட வேண்டும் என்றார்கள். அந்த நூறு பேரை யார் பிடித்துக்கொண்டு வந்தது? நான். அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் ஆற்றோரமாக ஒவ்வோர் ஊராக ஏறி இறங்கினேன். கல்லிடைக்குறிச்சியில் ஆவுடைத்தாய் ஆச்சி என்று ஒரு அம்மாள், புருஷன் இல்லாதவர், என் பேச்சை நம்பி இரண்டு ஷேர் வாங்கினார். அந்த ஆச்சியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

வண்ணார்பேட்டையில் ஆலை எழுந்தது. நிலம் கொடுத்தவர் குற்றாலலிங்கம் பிள்ளை, பெரிய பண்ணை. அவரே சேர்மன். டைரக்டர்கள் ஐந்து பேர்: பிள்ளைவாள், அவர் மருமகன் திருஞானசம்பந்தம், பஞ்சுத் தரகர் மாரிக்கண்ணு, நான், அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருத்தர். சம்பந்தம் வக்கீலுக்குப் படித்தவர்.

மாசம் ஒரு கூட்டம். சுக்குக் காப்பி வரும். பிள்ளைவாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எல்லாம் சரிதானே?" என்பார். நாங்கள், "சரிதான் பிள்ளைவாள்" என்போம். முடிந்தது கூட்டம். சில மாசம் அதுவும் கிடையாது. காரியதரிசி பாபநாசம், நடக்காத கூட்டம் நடந்ததாகத் தீர்மானப் புத்தகத்தில் இங்கிலீஷில் எழுதி, சிவப்புத் துணியில் சுற்றி, கிழட்டுப் பியூனிடம் வீடு வீடாகக் கொடுத்தனுப்புவார். பிள்ளைவாள் கையெழுத்து மேலே இருக்கும். அதற்குக் கீழே நாங்கள் போட்டுக்கொண்டு போவோம். பெரிய மனுஷர் போட்ட பிறகு அதைப் படித்துப் பார்ப்பது அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்பது எங்கள் மரியாதை. நான் கருப்பட்டிச் சிப்பத்தின் மேல் புத்தகத்தை வைத்துக் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். கடைசி எழுத்தில் ஒரு சுழி சுழித்து மேலே கொண்டு போவேன்.

உள்ளே எழுதியிருந்தது என்ன என்று கேட்காதீர்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாது என்பது யாருக்கும் தெரியாது.

தொள்ளாயிரத்துப் பத்தில் அம்பாசமுத்திரத்துக்காரர் கொழும்புக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு மேலப்பாளையத்துப் பங்குதாரர்கள் சேர்ந்து ஹபீப் முகம்மதை அனுப்பினார்கள். கட்டையான ஆள். நரைத்த குறுந்தாடி, கறுப்புக் குடை. பத்து வயதில் தறிக்குழியில் இறங்கி நெய்தவர், பிறகு நெசவாளிகளிடம் சேலை வாங்கிக் கடைகளுக்கு விற்றவர். அவரைப் பற்றி நெசவாளிகள் சொல்லும் குறை ஒன்று உண்டு. எல்லா வியாபாரியும் மடித்த சேலையின் மேல்மடிப்பைத் தொட்டுப் பார்த்து வாங்குவான். இவர் பதினாறு முழத்தையும் பிரித்து, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இழை இழையாகப் பார்ப்பார். "ஒரு சேலைக்கு ஒரு பகலா பாய்?" என்று திட்டுவார்கள். ஆனால் அவர் பார்த்து எடுத்த சேலையைக் கடைக்காரன் பிரிக்காமலே அடுக்கிக்கொள்வான்.

அவர் சேர்ந்த மறுமாசம் கூட்டம் நடக்கவில்லை. புத்தகம் மட்டும் அவர் வீட்டுக்குப் போயிற்று. அடுத்த கூட்டத்தில் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"காரியதரிசி ஐயா, இதுல எம் பேரு எழுதியிருக்காம்லா. என்ன எழுதியிருக்கு?"

பாபநாசம், "நீர் தீர்மானத்தை ஆமோதிச்சீர்னு எழுதியிருக்கு" என்றார்.

"நான் அன்னைக்கு வீட்டுல காய்ச்சலாப் படுத்திருந்தேன். ஆமோதிச்சது எந்த ஹபீப்?"

மாரிக்கண்ணு சிரித்துவிட்டார். பிள்ளைவாள் சிரிக்கவில்லை. "அதெல்லாம் வழக்கம்வே. போடும்" என்றார்.

"வராத கூட்டத்துக்கு எப்படிப் போடுவேன் பிள்ளைவாள்? எனக்கு இங்கிலீசும் தெரியாது. தமிழ்ல படிச்சுச் சொன்னா வந்த கூட்டத்துக்குப் போடுதேன்."

'எனக்கு இங்கிலீசு தெரியாது.' நாலு பேர் நடுவில், தண்ணீர் குடித்தேன் என்கிற மாதிரிச் சொன்னார். அன்றைக்குத்தான் என் வயிற்றில் முதல் தீ விழுந்தது. நான் இரண்டு வருஷம் தெரிந்த மாதிரித் தலையை ஆட்டி ஆட்டிக் காப்பாற்றி வைத்திருந்ததை அந்த மனுஷர் காலணாச் செலவில்லாமல் எறிந்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பாபநாசம் முணுமுணுத்துக்கொண்டே அவர் ஒருவருக்காகத் தமிழில் சொன்னார். காதைத் தீட்டிக்கொண்டு நானும் கேட்டேன். கேட்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு கேட்டேன்.

பிறகு சாக்கு விவகாரம் வந்தது. அரிசி கட்டச் சாக்கு வேண்டும். ஊரில் நல்ல சாக்கு வைத்திருந்தவர் அலி அக்பர், ஹபீபின் மச்சான். அந்தப் பேச்சு எடுத்த உடனே சாயபு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கவே போறீரு?" என்றேன்.

"இது எம் மச்சான் காரியம் அண்ணாச்சி. நான் இங்கன இருந்தா உங்களுக்கு வாய் வராது. பேசி முடிங்க, வெளிய நிக்கேன்."

ஆலை முற்றத்தில் நெல் காய்கிற இடத்தில், வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் அலி அக்பரிடமே வாங்கத் தீர்மானித்தோம், சாக்கு நல்ல சாக்கு. உள்ளே வந்தவர், 'யார் என்ன சொன்னீர்கள்' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கடைத்தெருவில் போய், "சாயபு நல்லா நாடகம் ஆடுதாரு, எந்திரிச்சு எந்திரிச்சு வெளிய போறாரு" என்று சொல்லிச் சிரித்தேன். நான் சிரித்தேன், ஊர் சிரிக்கவில்லை. "அப்படியா? அப்ப கம்பெனி தேறிரும்" என்றார்கள். நூறு பேரை நடந்து நடந்து சேர்த்தது நான். வெயிலில் குடை பிடித்து நின்றவருக்குப் பேர்!

புது ஷேர் விற்கக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். ஆவுடைத்தாய் ஆச்சி மோர் கொடுத்தார். எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தச் சாயபு சரின்னாரா?" என்றார்.

மோர்ச் செம்பைக் கீழே வைத்தேன். "ஆச்சி, ஒங்களுக்கு ஷேர் வித்தது நான். அவரை நீங்க கண்ணால கண்டதுண்டா?"

"காணல. படிக்காமக் கையெழுத்துப் போடமாட்டாராம்லா. கேள்விப்பட்டேன்."

வீட்டுக்கு வந்து என் பெண்சாதி சுடலைவடிவிடம் பொருமினேன். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "ஒரு வார்த்தை எனக்குத் தெரியாதுன்னு சொன்னா ஒங்க மீசை உதிந்துரவா போவுது?" என்றாள். எனக்கு வாய்த்த வீடு அப்படி.

தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் பிள்ளைவாளுக்கு மூட்டுவலி அதிகமாயிற்று. புரட்டாசியோடு சேர்மன் நாற்காலியை விட்டு இறங்கப் போகிறேன் என்றார். அந்த நாற்காலி தேக்கு, கை வைக்கும் இடத்தில் யாளி முகம். மறைக்காமல் எழுதுகிறேன்: என் ஆயுசில் நான் ஆசைப்பட்ட பொருள் அது ஒன்றுதான். கடை தானாக வந்தது, வீடு தானாக வந்தது. வண்டிக்குப் பின்னால் நடந்தவன் பிள்ளைவாள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார வேண்டும். பண்ணை வீடுகளில் இன்றைக்கும் என்னைக் 'கருப்பட்டிக்காரன்' என்றுதான் சொல்கிறார்கள்.

அதே சமயத்தில் இன்னொரு காரியமும் என் கையில் இருந்தது. நெல் மூட்டை அடுக்க ஆலைக்கு இரண்டாவது கிட்டங்கி கட்ட மனை தேவைப்பட்டது. கொக்கிரகுளத்தில் ஆற்றை ஒட்டி எனக்கு ஒரு மனை இருந்தது. அதைக் கம்பெனிக்கு விற்கலாம் என்று பிள்ளைவாளிடம் சொன்னேன். "பேஷா விக்கலாம்" என்றார். பாபநாசம் தீர்மானம் எழுதிப் புத்தகத்தைக் கடைக்குக் கொண்டுவந்தார். "மனை வாங்குறதுன்னு எழுதியிருக்கேன் அண்ணாச்சி." அதற்குக் கீழே இன்னும் ஏழெட்டு வரி இருந்தது. "அது என்னவே?" என்றேன். "வழக்கமா எழுதுறதுதான்." விரல் வைத்துப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, தலையை ஆட்டி, சுழி சுழித்துக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் பகல், கடையில் சிப்பம் இறக்கிக்கொண்டிருந்தபோது, ஹபீப் முகம்மது மேலப்பாளையத்திலிருந்து பாலத்தைத் தாண்டி நடந்தே வந்தார். கக்கத்தில் சிவப்புத் துணி.

"அண்ணாச்சி, இதுல கையெழுத்துப் போட்டிருக்கியளே, படிச்சியளா?"

"படிக்காமப் போடுவேனாவே?"

"அப்ப ரெண்டாவது சங்கதியும் ஒங்களுக்குச் சம்மதம்தானா?"

"என்ன ரெண்டாவது சங்கதி?"

வாய் தவறிவிட்டது. அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. இறக்குகிற ஆட்கள் அந்தப் பக்கம் போகிற வரைக்கும் பொறுத்திருந்து, பைய சொன்னார்: "பிள்ளைவாள் எறங்கினதும் நாற்காலி அவுக மருமகன் சம்பந்தத்துக்குன்னு எழுதியிருக்கு. அதை நீங்க ஆமோதிச்சதாவும் எழுதியிருக்கு."

நான் ஆமோதித்திருக்கிறேன்! என் நாற்காலியை, என் கையால், சுழி சுழித்துக் கொடுத்திருக்கிறேன்.

கோபம் பிள்ளைவாள் மேல் வந்திருக்க வேண்டும். எதிரே நின்ற சாயபு மேல்தான் வந்தது. "ஒமக்கு இங்கிலீசு தெரியாதே. யாரு படிச்சுச் சொன்னா?"

"பாளையங்கோட்டையில தெரிஞ்ச வாத்தியார் ஒருத்தர். கம்பெனிப் புத்தகத்தை வெளியாள்ட்ட காட்டினது எந் தப்புதான். கூட்டத்துல அதையும் சொல்லிருதேன்."

"ஓஹோ. நாற்காலி ஒமக்கு வேணுமாக்கும். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் நடந்தீராவே?"

அவர் சிரித்தார். "அந்த நாற்காலியில ஒக்காந்தா எனக்குக் கால் தரையில எட்டாது அண்ணாச்சி." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மனையப் பத்தியும் ஒரு வார்த்தை. கோவிச்சுக்கிடப்பிடாது. அதை விக்கிறது நீங்க. வாங்குற பக்கமும் நீங்களே ஒக்காந்திருந்தா எப்படி? நான் சேலை வாங்கும்போது விக்கிறவனே விளக்கையும் பிடிச்சா ஓட்டை எனக்குத் தெரியுமா?"

"என்னைத் திருடன்னு சொல்லுதீரா?"

"இல்ல. சேலை நல்ல சேலையாவே இருக்கட்டும். பிரிச்சுப் பாக்கணும்லா. கல்லிடைக்குறிச்சி ஆச்சி நம்ம கைய நம்பி விட்டிருக்காக. அவுக வந்து பாக்க முடியாது. இது அமானத்து அண்ணாச்சி."

அமானத்து என்றால், பிறத்தியார் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள். திருப்பிக் கேட்கும் வரைக்கும் அதில் கை வைக்கக் கூடாது, கெட்டுப்போகவும் விடக் கூடாது. அந்த வார்த்தையை அவர்தான் எனக்குச் சொன்னார். நானாகக் கண்டுபிடித்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். என் முன்னால் வழி இரண்டுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் தப்பும், நாற்காலி போகும். வாயைத் திறந்தால், நாலு வருஷமாகப் படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டவன் என்று ஜில்லா முழுக்கத் தெரியும். போகிற வழியெல்லாம் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு போனேன்.

சுக்குக் காப்பி வந்தது. பிள்ளைவாள் வெற்றிலையை மடித்தார். "எல்லாம் சரிதானே?"

"இல்ல பிள்ளைவாள்" என்று ஹபீப் எழுந்தார். புத்தகத்தை வாத்தியாரிடம் காட்டியதை முதலில் சொன்னார். தப்பு தன்னுடையது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். "இனிமே தமிழ்ல படிச்ச பிறகுதான் எல்லாரும் கையெழுத்துப் போடணும். புத்தகம் இந்த அறையை விட்டுப் போகப்பிடாது."

பிள்ளைவாளுக்கு முகம் சிவந்தது. "ஒம்ம ஒருத்தருக்காகவா வே? மத்தவங்க எல்லாருக்கும் இங்கிலீசு தெரியும்லா." எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

மாரிக்கண்ணு விட்டத்தைப் பார்த்தார். சம்பந்தம் மீசையைத் தடவினார். நான் எழுந்து நின்றேன். எழுந்தது ஞாபகம் இல்லை, நின்றதுதான் ஞாபகம்.

"எனக்கும் தெரியாது பிள்ளைவாள்."

அப்போது மாரிக்கண்ணு விட்டத்திலிருந்து கண்ணை இறக்கி, "அண்ணாச்சிக்கே தெரியாதா? அப்ப நான் சொல்லிருதேன், எனக்கும் தெரியாது" என்றார். "நான் இம்புட்டு நாளும் அண்ணாச்சி தலையாட்டினதைப் பாத்துல்லா போட்டேன்!"

ஐந்து பேரில் மூன்று பேர். பிள்ளைவாள் மடித்த வெற்றிலையைத் தட்டில் வைத்துவிட்டார். பாபநாசம் புத்தகத்தைப் பிரித்துத் தமிழில் படித்தார். இரண்டாவது தீர்மானம் வந்தபோது, சம்பந்தமே, "மாமா, இதை எங்கிட்டக்கூடச் சொல்லலியே" என்றார். பிள்ளைவாளைக் கெட்டவர் என்று நான் எழுதமாட்டேன். ஆலை நின்றது அவர் மண்ணில். தன் வீட்டு நாற்காலி தன் வீட்டுக்குத்தான் என்று நினைத்துவிட்டார். நாங்கள்தான் நாலு வருஷமாகக் கேள்வி கேட்காமல் அப்படி நினைக்க விட்டோம். பிள்ளைவாள் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சரிவே. முறையாவே நடக்கட்டும்" என்றார்.

முதலில் மனை. நான் குடை கொண்டு போகவில்லை. வெறும் தலையோடு முற்றத்துக்குப் போய், சாயபு நின்ற அதே இடத்தில் நின்றேன். உள்ளே என் மனையைப் பற்றி நாலு பேர் பேசுகிறார்கள், நான் நெல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்! ஓடிப்போய் ஜன்னல் பக்கம் காதை வைக்கலாமா என்று கால் துடித்தது. கூப்பிட்டார்கள். ஐப்பசி வெள்ளத்தில் அந்த இடம் முழங்கால் தண்ணீரில் நிற்கும், நெல் மூட்டை ஊறிப்போகும், வேண்டாம் என்று தீர்மானம். உண்மைதான். தண்ணீர் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

அடுத்தது நாற்காலி. மாரிக்கண்ணு என் பேரைச் சொன்னார், பிள்ளைவாள் மருமகன் பேரைச் சொன்னார். "அப்படின்னா ரெண்டு பேரும் வெளிய" என்றார் சாயபு. நானும் சம்பந்தமும் முற்றத்துக்குப் போனோம். அவரிடம் குடை இருந்தது.

"இப்படி உள்ள வாங்க அண்ணாச்சி, வெயிலு மண்டையப் பொளக்கி."

"வேண்டாம்வே. நான் வெயிலுக்குப் பொறந்தவன்."

"மாரிக்கண்ணு ஒங்க பக்கம், மாமா எம் பக்கம். நம்ம ரெண்டு பேரு தலையெழுத்தும் சாயபு கையில."

"அந்த மனுஷன் கையால வாங்குறதுக்கு நான் கெணத்துல விழுந்துரலாம்."

"கெணறு அந்தப் பக்கம் அண்ணாச்சி" என்று சம்பந்தம் கையை நீட்டிக் காட்டினார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு எரிச்சல்.

கூப்பிட்டார்கள். பாபநாசம் தமிழில் படித்தார். சேர்மன் ஐயம்பெருமாள். அது நான்தான்.

உள்ளே சாயபு என்ன சொன்னார் என்பதை மாரிக்கண்ணு பிறகு சொன்னார். "சம்பந்தம் படிச்சவரு, நல்லவரு. ஆனா இன்னைக்கு எனக்குத் தெரியாதுன்னு எந்திரிச்சு நின்னவரு அண்ணாச்சி. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுத ஆளு அந்த நாற்காலியில இருந்தா மத்தவங்களுக்கும் கேக்கத் துணிச்சல் வரும்" என்றாராம். மனையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னாராம்: "மனை விஷயத்துல கொஞ்சம் ஆசைப்பட்டுட்டாரு. அதைப் பாத்துக்கிட நான் இருக்கேன்."

யாளி முகத்தில் கை வைத்து உட்கார்ந்தேன். எத்தனை வருஷத்து ஆசை! சந்தோஷப்பட விட்டாரா? எனக்கு எதிராக ஓட்டுப் போட்டிருந்தால் ஆயுசுக்கும் நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருந்திருப்பேன். நானே உழைத்து நானே வாங்கிய வாழ்க்கையில் இந்த ஒன்று மட்டும் இன்னொருத்தர் கொடுத்ததாகப் போயிற்று.

அன்றிலிருந்து இன்று வரை ஏழு வருஷம் நான் சேர்மன். புத்தகம் அறையை விட்டு வெளியே போனதில்லை. தமிழில் படிக்காமல் ஒரு கையெழுத்து விழுந்ததில்லை. "எல்லாம் சரிதானே" என்று நான் கேட்பதில்லை; "எது சரியில்லை" என்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கேட்பேன். இப்படிக் கேட்பது என் யோசனை. சாயபுவின் யோசனை அல்ல, குறித்துக்கொள்ளுங்கள். தன் காரியம் வந்தால் டைரக்டர் எழுந்து போக வேண்டும் என்று பின்னால் சர்க்கார் சட்டத்திலேயே ஏதோ வந்திருப்பதாகச் சம்பந்தம் சொன்னார். சாயபுவிடம் அதைச் சொன்னேன். "அப்படியா? நல்லது" என்று சொல்லிவிட்டுக் காப்பியை ஆற்றினார். நானாக இருந்தால் பாலம் ஸ்டேஷனில் நின்று தண்டோரா போட்டிருப்பேன்.

அவர் இருந்த ஆறு வருஷத்தில் என் தீர்மானங்களை எட்டு முறை எதிர்த்திருக்கிறார். எட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஐந்தில் அவர் சரி. இரண்டில் நான் சரி. ஒன்று இன்னும் தெரியவில்லை.

போன வருஷம் ஐப்பசியில் ஊரையே அள்ளிக்கொண்டு போன விஷக்காய்ச்சலில் ஹபீப் முகம்மதும் போய்விட்டார். மேலப்பாளையத்துக்குப் போனேன். அவர் சம்சாரம் ஜுபைதா பீவி கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "அண்ணாச்சி இருக்கிறவரைக்கும் கம்பெனிக்குக் கவலையில்லன்னு சொல்லிக்கிட்டே இருப்பாக" என்றார். என் காதுபட ஒருநாள் சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷர்? திரும்பி வருகிற வழியில் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது, வேறொன்றும் இல்லை.

மாசி மாசக் கூட்டத்தில் படம் மாட்டும் பேச்சு வந்தது. மாரிக்கண்ணு நல்லவர். "சாயபு படத்தோட அண்ணாச்சி படத்தையும் ஜோடியா மாட்டுவோம்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. உடனே புதுக் காரியதரிசி தொண்டையைக் கனைத்தார். "இது ஒங்க காரியம் அண்ணாச்சி…" என்று சொல்லிக் கதவைப் பார்த்தார்.

குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நெல் காய்கிற முற்றத்தில் அரைமணி நேரம் நின்றேன். எனக்காக நான் பேச வேண்டியதெல்லாம் வாய்வரைக்கும் வந்து நின்றது. உடன்குடி வண்டி, ஆற்றோர நடை, அறுபது ஷேர், எல்லாம். கேட்க நெல்தான் இருந்தது. கூப்பிட்டார்கள். படித்தார்கள்: "ஹபீப் முகம்மது சாயபு படத்தை மாட்டுவது. சேர்மன் நாற்காலியில் இருப்பவர் படத்தை, அவர் அதில் இருக்கும்வரை மாட்டுவதில்லை." இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். அதேதான். சுழி சுழித்துக் கையெழுத்துப் போட்டேன்.

சாயபுவுக்கென்று தனிப்படம் கிடையாது. தொள்ளாயிரத்துப் பதின்மூன்றில், வேறு மனையில் கட்டிய கிட்டங்கி திறந்தபோது பாளையங்கோட்டைப் போட்டோக்காரர் எடுத்த படம் ஒன்றுதான். அதில் நான் நடுவில் ஜரிகைத் தலைப்பாகையோடு உட்கார்ந்திருக்கிறேன், அவர் எனக்குப் பின்னால் ஓரமாக நிற்கிறார். அதிலிருந்து அவரை மட்டும் பிரித்துப் பெரிசாக்கியிருக்கிறார்கள். புது டைரக்டர்கள் எழுந்து கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கீழே இடது மூலையில் பளிச்சென்று ஒரு கீற்றுத் தெரியும். அது என் தலைப்பாகை.

உங்கள் மச்சான் காரியமோ, உங்கள் மனைக் காரியமோ ஒருநாள் அந்த மேஜைக்கு வரும். வரும்போது நீங்களே எழுந்து வெளியே போங்கள், காரியதரிசி தொண்டையைக் கனைக்க விடாதீர்கள். முற்றத்தில் இப்போது ஒரு கல்பெஞ்சும் மேலே ஓலைப் பந்தலும் இருக்கின்றன. சாயபு எட்டு வருஷமும் வெயிலில் நின்றாரே தவிர, அப்படி ஒன்று போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அது என் யோசனை. போன பங்குனித் தீர்மானத்தில் என் பேரோடு எழுதியிருக்கிறது, தமிழில்.